26 வாரங்களுக்குப் பின்: குழந்தை வளர்ப்பும் பணிக்குத் திரும்புதலும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

பட்டம் பெற்று, சில ஆண்டுகள் தொழில்முறைப் பணியில் இருந்து, குழந்தை வளர்ப்புக்காக விலகி, ஐந்தாறு ஆண்டுகள் கழித்து அதே துறைக்குத் திரும்ப முயலும் பெண்கள் இந்திய நகரங்களில் பெருகியிருக்கிறார்கள். கணக்காளர், பொறியாளர், வழக்கறிஞர், ஆசிரியர், ஆய்வாளர் எனப் பல துறையினரும் இவர்களில் உண்டு. விலகுவது எளிதாக முடிந்துவிடுகிறது. திரும்புவது அப்படி முடிவதில்லை.

இதற்கான காரணம் என்ன என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. விலகியிருந்த காலத்தில் திறன் தேய்ந்துவிடுகிறதா? திரும்பும் விருப்பம் குறைந்துவிடுகிறதா? அல்லது வேலை தரும் அமைப்புகள் இடைவிடாமல் பணியாற்றியவரை மட்டுமே மனத்தில் வைத்துத் தம் நுழைவு விதிகளை வகுத்திருக்கின்றனவா? மூன்று விடைகளுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. எந்த விடைக்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்பது இங்கே எடைபோடப்படுகிறது.

உயர்கல்வியும் முன்னனுபவமும் உடைய பெண்களை மட்டுமே இக்கட்டுரை கருதுகிறது. வயல்வேலை, கட்டட வேலை, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குப் பல ஆண்டுகள் விலகியிருக்கும் வசதியே கிடையாது. அவர்கள் நிலை தனி ஆய்வுக்குரியது.

2. தரவுகள் காட்டுவது

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 2017–18-இல் 23.3 விழுக்காடு, 2023–24-இல் 41.7 விழுக்காடு. ஏற்றம் பெரிதாகத் தெரிந்தாலும் அதில் பெரும்பகுதி கிராமப்புறச் சுயதொழிலும், குடும்பத் தொழிலில் கூலியின்றி உதவும் உழைப்பும் ஆகும். நகர்ப்புறப் பெண்களின் பங்கேற்பு 2023–24-இலும் 28 விழுக்காடுதான்.

கல்வி வளர்ச்சியோடு சேர்த்துப் பார்த்தால் முரண் கூர்மையாகிறது. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. தமிழ்நாட்டுப் பெண்களின் விகிதம் 47.3, ஆண்களைவிடச் சற்றுக் கூடுதல். கல்லூரி வாசல்வரை ஆணுக்குச் சமமாக வரும் பெண், உத்தியோகத்தில் அதே சமநிலையில் நீடிப்பதில்லை.

ஒரு குறிப்பிட்ட காலத்தில் யார் வேலையில் இருக்கிறார்கள் என்பதையே இத்தகைய கணக்கெடுப்புகள் முதன்மையாகச் சொல்கின்றன. ஒரே பெண் எத்தனை முறை உள்ளே வந்து வெளியே போனாள் என்பது அவற்றில் தெரியாது. அசுவினி தேஷ்பாண்டேயும் ஜிதேந்திர சிங்கும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குறையை நிரப்புகிறது. 2016 முதல் 2019 வரை அதே குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த தரவைக் கொண்டு, இந்தியப் பெண்கள் ஒரேயடியாக வெளியேறுவதில்லை, அடிக்கடி நுழைகிறார்கள், அடிக்கடி விலகுகிறார்கள் என்று அவர்கள் காட்டினர். வேலைக்கு வரவே பெண்கள் தயங்குகிறார்கள் என்ற பொதுக்கருத்தோடு இது ஒத்துப்போவதில்லை.

தமிழ் நடுத்தர வர்க்கத்தை அறிந்தவருக்கு இது புதிதல்ல. முதல் விலகல் பிரசவத்தோடு வரும். அடுத்தது இரண்டாவது குழந்தையோடு. மாமியார், மாமனார் படுத்துவிட்டால் இன்னொன்று. பிள்ளை பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ வந்ததும் 'இந்த ஒரு வருஷம் மட்டும்' என்று மற்றொன்று. கணவரின் வெளிநாட்டு வேலை இன்னொரு காரணம்: அமெரிக்காவில் ஹெச்-4 விசாவில் துணையாகச் சென்ற பெண்களுக்கு 2015 மே மாதம்வரை வேலை அனுமதியே இல்லை; அதன் பிறகும் கணவரின் பச்சை அட்டை விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியவர்களுக்கே பெரும்பாலும் அது கிடைத்தது. ஆகவே இடைவெளி என்பது பல சமயம் பல விலகல்களின் கூட்டுத்தொகை.

3. நிலவும் மூன்று விளக்கங்கள்

3.1 திறன் தேய்வு

கேரி பெக்கரின் மனித மூலதனக் கோட்பாட்டைப் பின்பற்றி, ஜேக்கப் மின்சரும் சாலமன் பொலச்செக்கும் 1974-இல் இந்த விளக்கத்தை வகுத்தனர். பணியில் இருக்கும்போது திறன் சேருகிறது. விலகியிருக்கும்போது சேராததோடு இருப்பதும் தேய்கிறது. எனவே திரும்பும் பெண்ணுக்குக் குறைந்த ஊதியம் கிடைப்பது இயல்பு என்பது அதன் சாரம்.

தேய்வு உண்மையே. 2015-இல் ஒரு தணிக்கை அலுவலகத்திலிருந்து விலகிய கணக்காளரை எடுத்துக்கொள்ளலாம். அவர் அறிந்திருந்த மத்திய கலால் வரி, சேவை வரி, மதிப்புக் கூட்டு வரி ஆகியவற்றின் பெரும்பகுதி 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி.க்குள் போய்விட்டது. படிவங்கள் மாறின, தாக்கல் முறை மாறியது, உள்ளீட்டு வரி வரவைச் சரிபார்க்கும் விதமே மாறியது. வழக்கறிஞருக்கு 2024 ஜூலை 1 அதே போன்ற நாள்: இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது, நாவில் ஊறிய கொலைப் பிரிவு 302 இனி 103 ஆனது, மோசடிப் பிரிவு 420 இனி 318 ஆனது. மென்பொருள் துறையில் 2020 ஜனவரி 1-ஓடு பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றது.

ஆனால் இந்த நாள்களில் பணியில் இருந்தவர்களும் புதிதாகவே கற்றார்கள் என்பதைத் திறன் தேய்வு வாதம் கணக்கில் எடுப்பதில்லை. 2017 ஜூலை மாதத்தில் இருபது ஆண்டு அனுபவமுள்ள தணிக்கையாளரும் ஜி.எஸ்.டி. பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தார். சில மாதங்களில் கற்றுக்கொண்டார். ஐந்தொகையைப் படித்துப் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கண் சட்டத் திருத்தத்தால் போய்விடுவதில்லை. தேய்வது மேற்பரப்பு; அது மீளக்கூடியது. மின்சரே ஹைம் ஓஃபெக்குடன் சேர்ந்து 1982-இல் வெளியிட்ட ஆய்வு இதை உறுதிசெய்கிறது: திரும்பும்போது ஊதியம் குறைந்திருக்கிறது, ஆனால் திரும்பிய பின் விரைவாக உயர்கிறது. இழந்ததை மீட்பது புதிதாகச் சேர்ப்பதைவிட எளிது என்பது அவர்கள் முடிவு. கோட்பாட்டை வகுத்தவரே அதற்கு எல்லையும் வரைந்துவிட்டார்.

3.2 விருப்பம்

இரண்டாவது விளக்கம் பெண்ணின் தேர்வை முன்வைக்கிறது. பிரித்தானியச் சமூகவியலாளர் கேத்தரின் ஹாக்கிம் 2000-இல் விரித்துரைத்த விருப்பக் கோட்பாட்டின்படி, பெண்களில் ஒரு பகுதியினர் வீட்டையும் ஒரு பகுதியினர் வேலையையும் மையமாகக் கொள்கின்றனர். பெரும்பான்மையினர் இரண்டுக்கும் நடுவில் சூழலுக்கேற்ப அமைகின்றனர். சிலர் உண்மையிலேயே வீட்டில் இருக்க விரும்புகிறார்கள் என்பதை மறுக்கவேண்டியதில்லை. அந்த விருப்பம் எதை எதிரே வைத்து எடுக்கப்பட்டது என்பதே கேள்வி.

பமெலா ஸ்டோன் 2007-இல் வெளியிட்ட நூலுக்காக, உயர்பதவிகளை விட்டுவிலகிய 54 அமெரிக்கப் பெண்களிடம் நீண்ட நேர்காணல் நடத்தினார். பெரும்பாலோர் தம் விலகலைச் சொந்த முடிவு என்றே சொன்னார்கள். ஆனால் நிகழ்ச்சிகளை வரிசையாகச் சொல்லச் சொன்னபோது வேறு கதை வெளிவந்தது: பகுதிநேரப் பணி கேட்டு மறுக்கப்பட்டது, முக்கியப் பொறுப்புகள் கைமாறியது, கணவரின் வேலைநேரம் ஒருபோதும் விவாதத்துக்கே வராதது. சொந்த முடிவு என்ற சொல்லின் அடியில் மூடப்பட்ட வழிகள் கிடந்தன.

3.3 நுழைவு விதிகள்

மூன்றாவது விளக்கம் பணியின் அமைப்பையே காரணமாகச் சொல்கிறது. 2023-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், ஊதிய இடைவெளியின் வேர் நேரத்தின் விலையில் இருக்கிறது என்கிறார். எந்நேரமும் கிடைக்கக்கூடியவருக்கு மணிக்கணக்கைவிடக் கூடுதலான வெகுமதி தரும் வேலைகள், குழந்தையுள்ள பெண்ணைத் தாமாகவே கழித்துவிடுகின்றன. இதற்கு எதிர்ச்சான்றாக அவரும் லாரன்ஸ் கட்சும் ஆராய்ந்தது அமெரிக்க மருந்தாளுநர் தொழில். மருந்துச் சீட்டு விவரங்கள் கணினியில் ஏறிய பின், ஒரு மருந்தாளுநர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர முடிந்தது. பகுதிநேரம் பார்ப்பவருக்கும் மணிக்கூலி குறையவில்லை. குழந்தை வளர்ப்பு அந்தத் தொழிலில் பெரிய தண்டனையாகவில்லை. ஆளை மாற்றி ஆள் செய்யக்கூடியதாகப் பணியை அமைத்தால் இடைவெளியின் விலை குறைகிறது என்பது இதன் பாடம்.

4. பயோடேட்டாச் சோதனைகள்

மூன்று விளக்கங்களையும் பிரித்தறிய நேரடிச் சோதனை ஒன்று உண்டு. கற்பனையான பயோடேட்டாக்களை உருவாக்கி, ஒரு விவரத்தை மட்டும் மாற்றி, வேலை தருவோரின் மறுமொழியை அளப்பது. இந்தியாவில் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-இல் சாதி, மதப் பாகுபாட்டை அளக்க இதே முறையைக் கையாண்டனர்.

அதே 2007-இல் ஷெல்லி கொரெல் தன் சக ஆய்வாளர்களுடன் அமெரிக்காவில் தாய்மை குறித்து இதைச் செய்தார். தகுதி எல்லாம் ஒன்றே; ஒரு பயோடேட்டாவில் மட்டும் பெற்றோர்–ஆசிரியர் சங்க ஒருங்கிணைப்பாளர் என்ற வரி இருக்கும். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. குழந்தையில்லாத பெண்ணுக்கு வந்த அழைப்புகள் தாய்க்கு வந்தவற்றைப் போல 2.1 மடங்கு. தந்தை என்று தெரிந்த ஆணுக்கு அத்தகைய இழப்பில்லை.

கேத்ரின் வைஷார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கட்டுரையின் கேள்வியை நேராகத் தொடுகிறது. அவர் மூன்று வகைத் தாய்மாரை ஒப்பிட்டார்: வேலையில் இருப்பவர், வேலை பறிபோனதால் வீட்டில் இருப்பவர், குழந்தைக்காக விலகி வீட்டில் இருப்பவர். முதல் வகையினருக்கு 15.3 விழுக்காடும், இரண்டாம் வகையினருக்கு 9.7 விழுக்காடும், மூன்றாம் வகையினருக்கு 4.9 விழுக்காடும் அழைப்பு வந்தது. பின்னிரு வகையினருக்கும் இடைவெளியின் நீளம் ஒன்றே. திறன் தேய்வுதான் காரணம் என்றால் இருவருக்கும் ஒரே அளவு இழப்பு வந்திருக்கவேண்டும். குழந்தைக்காக விலகியவருக்கு வந்த அழைப்புகளோ மற்றவருக்கு வந்தவற்றில் பாதிதான். ஈடுபாடு குறைந்தவர், நம்பத்தகாதவர் என்ற மதிப்பீடே இந்த வேறுபாட்டை விளக்குகிறது. குழந்தைக்காக விலகிய தந்தையரும் ஏறத்தாழ இதே இழப்பைச் சந்தித்தனர் என்பது கூடுதல் செய்தி: தண்டிக்கப்படுவது விலகலுக்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் காரணத்தைப் பெரும்பாலும் பெண்ணே சுமக்கிறாள்.

அமெரிக்க நகரங்களின் முடிவை அப்படியே சென்னைக்கும் பெங்களூருக்கும் பொருத்துவது சரியாகாது. இங்கே ஆள்தேர்வில் பரிந்துரைக்கும் உறவுத் தொடர்புக்கும் இடம் அதிகம். எனினும் இந்தியச் சட்டமும் பணி விதிகளும் அதே திசையையே சுட்டுகின்றன.

5. சட்டம் நிற்கும் இடம்

பணியிலிருந்து தாயை வெளியேற்றுவது ஒரு காலத்தில் எழுதப்பட்ட விதியாகவே இருந்தது. இந்திய வெளியுறவுப் பணியில் பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசின் அனுமதி பெறவேண்டியிருந்தது. குடும்பப் பொறுப்பு பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்ல முடிந்தது. சென்னையில் படித்து அப்பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா தொடுத்த வழக்கில், 1979-இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகளைக் கடுமையாகச் சாடியது. விமானப் பணிப்பெண் முதல் கருவுற்றதும் பணி இழக்கும் விதியை 1981-இல் ஏர் இந்தியா வழக்கில் நீதிமன்றம் நீக்கியது.

பணியில் இருப்பவரை வெளியேற்றக்கூடாது என்பதே இந்தத் தீர்ப்புகளின் பயன். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டமும் அதே தளத்தில் நின்றது. 2017 திருத்தம் ஊதியத்துடன் கூடிய விடுப்பை முதல் இரு குழந்தைகளுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே செல்லலாம் என்றது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இவ்விதிகளைத் தன்னுள் எடுத்துக்கொண்டது.

இதில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, செலவு யார் தலையில் விழுகிறது என்பது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்குத் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகம் விடுப்புக்கால ஊதியம் தருகிறது. அதற்கு மேற்பட்ட தொழில்முறைப் பெண்ணுக்கு முழுச் செலவும் வேலை தருபவருடையது. சட்டத்தின் பெயரால் வரும் சுமையை, பெண்ணை எடுக்காமல் விடுவதன்மூலம் தவிர்க்க நிறுவனத்துக்குத் தூண்டுதல் கிடைக்கிறது. மகப்பேற்றுச் செலவைத் தனி நிறுவனத்தின் மேல் சுமத்தாமல் காப்பீடு அல்லது பொது நிதியிலிருந்து தரவேண்டும் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறுவது இதனால்தான்.

இரண்டாவது குறை இன்னும் அடிப்படையானது. சட்டம் வாரங்களில் பேசுகிறது. வாழ்க்கை ஆண்டுகளில் நடக்கிறது. ஆறு மாதக் குழந்தைக்கும் பள்ளிக்குப் போகும் குழந்தைக்கும் நடுவே மூன்று ஆண்டுகள் உண்டு. பள்ளி தொடங்கினாலும் மதியம் மூன்றரைக்கு வேன் வந்துவிடும். அலுவலகம் ஆறரைக்கு முடியும். இந்த மூன்று மணி நேரத்துக்குச் சட்டத்தில் பெயரில்லை. வேலையை விட்ட பெண் மறுபடி வரும்போது அவருக்கு உரிமை என்று எதுவும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

6. அரசுப் பணி தரும் ஒப்பீடு

மத்திய அரசின் பெண் ஊழியருக்கு 180 நாள் மகப்பேறு விடுப்புக்கு மேல், ஆறாவது ஊதியக் குழுவைத் தொடர்ந்து 2008 முதல், பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை, தேர்வுக்காலம் உட்பட, பிரித்துப் பிரித்து எடுக்கலாம். தமிழ்நாடு அரசு மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை முதல் 12 மாதமாக்கியது. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்களுக்கு முதல் மூன்று ஆண்டுகள் பெற்றோரோ கணவர் வீட்டாரோ வசிக்கும் மாவட்டத்திலேயே பணி என்ற அறிவிப்பு 2024-இல் வந்தது.

ஒரே தெருவில் இரு வீடுகள். ஒன்றில் வங்கியிலோ அரசுப் பள்ளியிலோ பணிபுரியும் தாய், மற்றொன்றில் தனியார் நிறுவனத்திலிருந்து விலகிய தாய். சாதி, கல்வி, மாமியார், பிள்ளையின் பள்ளி எல்லாம் ஒரே மாதிரி இருக்கலாம். முதலாமவருக்குத் திரும்புதல் என்ற பிரச்சினையே எழுவதில்லை. அவர் நாற்காலி அவருக்காக இருக்கிறது. குடும்பத்துக்கு ஏற்ற வேலை வேண்டும் என்பவரே அரசுப் பணியை நாடுகிறார் என்ற மறுப்பு இதற்கு உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அம்மறுப்பும் அமைப்பின் வலிமையையே ஒப்புக்கொள்கிறது: பாதுகாப்பான நாற்காலி இருந்தால் தாய்மார் விலகுவதில்லை.

அதே அரசுப் பணிக்கு வெளியிலிருந்து வர முயன்றால் வயது வரம்பு நிற்கிறது. குடிமைப் பணித் தேர்வில் பொதுப் பிரிவுக்கு 32. கணவனை இழந்தோருக்கும் மணவிலக்குப் பெற்றோருக்கும் பல பணிகளில் வயதுத் தளர்வு உண்டு. குழந்தை வளர்த்த ஆண்டுகளுக்கு இல்லை. வரம்பு மாற்ற முடியாததல்ல என்பதற்குத் தமிழ்நாட்டு ஆசிரியர் நியமனமே சான்று: 2023-இல் அது பொதுப் பிரிவினருக்கு 53, ஏனையோருக்கு 58 என உயர்த்தப்பட்டது.

7. மீள்நுழைவுத் திட்டங்கள்

திரும்புவோருக்கென்றே அமைந்த திட்டங்களில் அரசுத் துறை முந்திக்கொண்டது. அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002–03-இல் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கி, இடைவெளி விட்ட பெண்களுக்குச் சொந்த ஆய்வுத் திட்டத்தோடு நிதி தந்தது. அதன் ஒரு பிரிவு காப்புரிமைத் துறையில் ஓராண்டுப் பயிற்சி அளித்தது. ஆய்வகத்துக்குத் திரும்ப முடியாத அறிவியல் பட்டதாரிக்குப் பழைய படிப்பையே பயன்படுத்தும் புதுத் தொழில் கிடைத்தது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் பயோகேர் திட்டம் 2011-இல் வந்தது.

தனியார் துறையில் டாடா குழுமம் 2008-இல் பெண்களின் இரண்டாம் தொழில்வாழ்வுக்கான பயிற்சிப் பணித் திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்காவில் கோல்ட்மேன் சாக்ஸ் திரும்புவோருக்கான குறுகியகாலப் பயிற்சியைத் தொடங்கியதும் அதே ஆண்டில். சென்னையில் சௌந்தர்யா ராஜேஷ் 2000-இல் நிறுவிய அவதார் நிறுவனம் இத்தகைய பெண்களையும் நிறுவனங்களையும் இணைப்பதைத் தன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக்கிக்கொண்டது.

இத்திட்டங்கள் முக்கியமான ஒன்றை மெய்ப்பித்தன: சில மாதப் பயிற்சியோடு திரும்பும் பெண் முழுப் பொறுப்பு ஏற்க முடியும். குறையும் வெளிப்படை. பல திட்டங்கள் நிரந்தர வேலைக்கு உறுதி தருவதில்லை. பத்தாண்டு அனுபவம் உள்ளவரையும் பயிற்சியாளராகவே நுழைய வைக்கின்றன. பெரிய நிறுவனங்களோடும் பெருநகரங்களோடும் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் பட்டதாரிக்கு அவை செய்தித்தாள் செய்தி மட்டுமே.

8. வீட்டின் கணக்கு

அமைப்புகளை மட்டும் குறை சொல்வது பாதி உண்மையே. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். அதைவிட முக்கியம், எத்தனை பேர் ஈடுபடுகிறார்கள் என்பது: பெண்களில் 81.2 விழுக்காட்டினர், ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். திரும்பும் பெண் இந்த ஐந்து மணி நேரத்தோடுதான் அலுவலகத்துக்கு வருகிறார்.

தமிழ் நடுத்தர வர்க்கம் இதற்குக் கண்ட விடை பெரும்பாலும் பாட்டி. அவர் ஊரிலிருந்து வந்து தங்குவார். இல்லாவிட்டால் குழந்தை ஊருக்குப் போகும். இந்த விடையில் ஒரு பெண்ணின் வேலையை இன்னொரு பெண்ணின் ஊதியமில்லா உழைப்பு தாங்குகிறது. தந்தையின் நாள் மாறுவதில்லை. மத்திய அரசின் ஆண் ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறைத் தந்தைக்குச் சட்டப்படி ஒரு நாளும் இல்லை.

விடுப்பும் காப்பகமும் மட்டும் போதா என்பதற்கு டென்மார்க் சான்று. ஹென்ரிக் க்ளேவனும் சக ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே முதல் குழந்தைக்குப் பின் தாய்மாரின் வருமானம் நீண்ட காலத்தில் ஆண்களோடு ஒப்பிட ஏறத்தாழ 20 விழுக்காடு சரிகிறது. தந்தையரின் கோடு அசைவதேயில்லை. தாராளமான விடுப்பும் பொதுக் காப்பகமும் உள்ள நாட்டில் இந்த நிலை.

9. முடிவுரை

மூன்று விளக்கங்களில் திறன் தேய்வு உண்மையானது, ஆனால் சிறியது, விரைவில் ஈடுசெய்யக்கூடியது. விருப்பம் என்பது மூடப்பட்ட வழிகளைக் கழித்த பின் எஞ்சுவதற்கான பெயராகவே பெரும்பாலும் இருக்கிறது. சான்றின் எடை நுழைவு விதிகளின் பக்கமே சாய்கிறது: இடைவெளியை ஈடுபாட்டுக் குறைவாக வாசிக்கும் ஆள்தேர்வு, வளர்ப்பு ஆண்டுகளைக் கணக்கில் கொள்ளாத வயது வரம்பு, எந்நேரமும் கிடைப்பவருக்கே பரிசளிக்கும் வேலைநேரம், பெண்ணிடம் மட்டுமே ஒப்படைக்கப்பட்ட வீடு.

இந்தியக் கொள்கை இதுவரை விடுப்பை நீட்டுவதில் கவனம் செலுத்தியது. அடுத்து தேவைப்படுவது திரும்பும் உரிமை. மகப்பேற்றுச் செலவைப் பொதுக் காப்பீட்டுக்கு மாற்றுதல், குழந்தை வளர்த்த ஆண்டுகளை வயது வரம்பிலிருந்து கழித்தல், அங்கன்வாடிகளையும் பள்ளிகளையும் அலுவலக நேரம்வரை திறந்துவைத்தல், தந்தைக்குக் கைமாற்ற முடியாத விடுப்பு வழங்குதல் ஆகிய நான்கும் சட்டத்தாலும் அரசாணையாலும் செய்யக்கூடியவை. பெண்களைப் படிக்கவைப்பதில் முன்னணியில் நிற்கும் தமிழ்நாடு, தானே நியமனம் செய்யும் பணிகளில் வயது வரம்பிலிருந்து இதைத் தொடங்கலாம்.